கட்டுநாயக்கவில சிம் எடுக்கேக்க கவனிக்க வேண்டியது

[காட்சி: விமான நிலைய வருகை மண்டபம், சிம் கவுண்டர்கள்]

வணக்கம். நல்லூர்த் திருவிழாவுக்கு, கலியாண வீட்டுக்கு எண்டு வெளிநாட்டில இருந்து யாழ்ப்பாணம் வாற எங்கட சொந்தங்களுக்குத்தான் இந்த வீடியோ.

சிம்மைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலயே எடுங்கோ. அங்க இருந்து வீடு வந்து சேர வானில ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். வெளியில நிக்கிற ட்ரைவரைத் தேடவே ஒரு நம்பர் வேணும். வீட்டில அம்மா நித்திரை கொள்ளாமல் இருப்பா. "வவுனியா தாண்டிட்டம்" எண்டு ஒரு சொல் சொன்னால் அவவுக்கு நிம்மதி.

வெளிக்கிட முதல் போனைப் பாருங்கோ. அமெரிக்காவில விக்கிற ஐபோன் 14இலயும் அதுக்குப் பிறகு வந்ததுகளிலயும் சிம் போடுற தட்டே இல்லை; அட்டை இல்லாமல் போனுக்குள்ளயே ஏத்துற ஈ-சிம்தான் கேக்கவேணும். கனடாவில 2017 டிசம்பரில இருந்து போன்களை லொக் இல்லாமல், எந்தக் கொம்பனிச் சிம்மும் வேலை செய்யிற மாதிரித்தான் விக்கவேணும் எண்டு விதி இருக்கு. அதுக்கு முந்தின போன் எண்டால் லொக் இருக்கோ எண்டு விசாரிச்சுக்கொண்டு வாங்கோ.

[காட்சி: பக்கேஜ் விலைப் பலகை, கிட்டத்தில்]

டயலொக், மொபிடெல், ஹட்ச், எந்தக் கொம்பனிச் சிம் எண்டாலும் பாஸ்போர்ட்டைக் குடுத்துப் பதியவேணும். பலகையில பெரிசாப் போட்டிருக்கிற ஜிபியைப் பாத்து மயங்கிப்போகாதேங்கோ. சில பக்கேஜில ஒரு பங்கு டேட்டா நடுச்சாமத்துக்குப் பிறகுதான் வேலை செய்யும். இன்னும் சிலதில ஒரு பங்கு யூடியூப், வாட்ஸ்அப் மாதிரிச் சில அப்புகளுக்கு மட்டும்தான். "எந்த நேரமும், எல்லாத்துக்கும் பாவிக்கிறது எவ்வளவு? எத்தனை நாளைக்கு?" எண்டு நேராக் கேளுங்கோ. நீங்கள் நிக்கப்போற ஊரில எந்தச் சிக்னல் நல்லா இழுக்குது எண்டு வீட்டு ஆக்களிட்ட முதலே கேட்டு வைக்கிறதும் நல்லது. விலையை விட அதுதான் எனக்குப் பெரிசாப் படுது.

வெளிநாட்டில பாவிச்ச பழைய சிம்மை எறிஞ்சுபோடாதேங்கோ. வங்கியின்ர ஓடிபி அதுக்குத்தான் வரும். ரெண்டு சிம் போடலாம் எண்டால் அதையும் போட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் நிப்பாட்டுங்கோ. வாட்ஸ்அப்பில நம்பரை மாத்தவா எண்டு கேட்டால் வேண்டாம் எண்டு அமத்துங்கோ.

கவுண்டரில நிண்டபடியே ட்ரைவருக்கு ஒரு கோல், வீட்டுக்கு ஒரு வைபர் கோல் எடுத்துப் பாருங்கோ. ரெண்டும் போனால்தான் பெட்டியைத் தள்ளுங்கோ. வெளியில வந்த பிறகு திரும்பி உள்ளுக்குப் போறது லேசில்லை.

சிம்மில காசு முடிஞ்சால் ஊரில சந்திக் கடையிலயே ரீலோட் போடலாம். நம்பரைச் சொல்லி, எஸ்எம்எஸ் வரும்வரைக்கும் நிண்டு பாத்திட்டு வாங்கோ.