தகடும் நட்சத்திரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கிடங்குக்கு எங்கள் பேச்சில் 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று பெயர். பழைய பட்டாள முகாம்களில் துப்பாக்கி சாத்தி வைக்கும் கூடாரம் மணி வடிவில் இருக்கும். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். இன்று ஒரு தகட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

ஒருநாள் பழைய த்ரீ நாட் த்ரீ (லீ என்ஃபீல்டு துப்பாக்கி) ஒன்றைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தேன். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் தண்டான போல்ட் ஓடும் பள்ளத்துக்கு வலப்பக்கச் சுவரில் நீளவாக்கில் ஒரு பிளவு. நகம் நுழையும். உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால் அந்தப் பிளவே கிடையாது. பதிவேட்டிலோ இரண்டும் ஒரே ரகம். மூத்த ஆர்மரரிடம் கேட்டேன். "அது கட்-ஆஃப் போற வழிப்பா. தகடு எப்பவோ போயிடுச்சு" என்றார். அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். என்னை அது விடவில்லை.

கட்-ஆஃப் என்றால் என்ன? லீ என்ஃபீல்டு மேகசீனில், அதாவது தோட்டாப் பெட்டியில், பத்துத் தோட்டா. அந்தப் பத்தின் தலைக்கு மேல் குறுக்கே வந்து மூடுகிற தகடுதான் அது. உள்ளே தள்ளினால் போல்ட்டுக்கு மேகசீன் தோட்டா எட்டாது. சிப்பாய் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். தகட்டை வெளியே இழுத்தால்தான் மேகசீன் வேலை செய்யும். வேகமாகச் சுடுகிற துப்பாக்கியைச் செய்து கையில் கொடுத்துவிட்டு, 'அதிகாரி சொல்லும்வரை வேகமாகச் சுடாதே' என்று பூட்டும் போட்டிருக்கிறார்கள்! சிப்பாய் பதற்றத்தில் தோட்டாவை வாரி இறைப்பான் என்ற பயம். 1888-இல் வந்த முன்னோடித் துப்பாக்கியான லீ மெட்ஃபோர்டிலேயே இந்தத் தகடு உண்டு. 1907-இல் வந்த மார்க் 3 என்ற லீ என்ஃபீல்டு மாதிரி வரைக்கும் தொடர்ந்தது.

அந்த மார்க் 3-க்கு இடப்பக்கம் இன்னொரு அலங்காரமும் இருந்தது. மரத்தில் பதித்த வட்டத் தகடு, அதில் ஒரு முள். பலர் வரிசையாக நின்று 2800 கஜம் வரையிலான தொலைவில் தெரியும் கூட்டத்தை நோக்கி ஒரே நேரத்தில் சுடுவதற்கான குறி அது. முதல் உலகப்போரின் பதுங்குகுழிச் சேற்றில் இரண்டுமே உதவவில்லை. தொழிற்சாலைக்கோ ஒவ்வொரு உருப்படியும் நேரம், உழைப்பு, இரும்பு. 1916 ஜனவரியில் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு எளிமையாக்கிய மாதிரிக்கு முறைப்படி ஒப்புதல் தந்தார்கள். அதன் அடையாளம், 'III' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குத்திய ஒரு சின்ன நட்சத்திரம்.

அப்படியானால் நட்சத்திரம் இருந்தால் பிளவு இருக்காது, இல்லாவிட்டால் இருக்கும் என்று நானும் கணக்குப் போட்டேன். கணக்கு உதைத்தது. நட்சத்திரமும் இருக்கிறது, பிளவும் இருக்கிறது என்று துப்பாக்கிகள் வருகின்றன. ஏற்கெனவே பிளவு வெட்டி வைத்திருந்த துப்பாக்கியின் இரும்பு உடம்பை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள் அல்லவா? இன்னும் சிலவற்றில் நட்சத்திரத்தின் மேல் கோடு கிழித்து அடித்திருக்கும். பின்னாளில் தகட்டைத் திரும்ப மாட்டியதற்கு அது சாட்சி.

உடம்பு, குழல், போல்ட், முனைக்கவசம், பின்குறி, முன்மரம் இத்தனையிலும் ஒரே எண்ணை அடிப்பார்கள். கட்-ஆஃப் தகட்டில் எண் அடிக்கும் வழக்கம் இல்லை. ஆகவே ஒரு துப்பாக்கித் தகடு இன்னொன்றுக்குத் தாவினால் தடமே தெரியாது. நான் நம்பியது தேய்மானத்தை. தகடு வருடக்கணக்காகப் போய்வந்த பிளவின் விளிம்பு, வீட்டு வாசற்படி மாதிரி வழவழத்துப்போயிருக்கும். விளிம்பு கூர்மையாக, கருமை அழியாமல் இருந்து உள்ளே பளபளவென்று தகடு மட்டும் இருந்தால், யாரோ சமீபத்தில் மாட்டியது என்று சந்தேகப்படலாம். குத்திய ஆண்டைப் பார்த்தவுடன் கதை முடிந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அந்த ஆண்டு உடம்புக்கு மட்டும்தான் பொருந்தும்.

தகடு போனாலும் பயம் போகவில்லை என்பதை 410 மஸ்கட் என்ற துப்பாக்கியில் பார்த்தேன். எங்கள் ஆட்களில் பழையவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு காவல் நின்றிருக்கிறார்கள். வெளித்தோற்றத்தில் அதே த்ரீ நாட் த்ரீதான். ஆனால் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் குழலுக்குள் தோட்டாவைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்களை வழித்தெடுத்து, மேகசீன் இடத்தில் தோட்டா ஏறாதபடி மரக்கட்டை வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு சுடுதலுக்கு ஒரு தோட்டா. 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வரிப்பள்ளம் இல்லாத குழல் கொடுத்தார்களே, அந்த யோசனையின் பேரப்பிள்ளை இது. கட்-ஆஃபையாவது விரலால் இழுத்துத் திறக்கலாம். இந்தக் கட்டையை விரலால் அசைக்க முடியாது.

ஒருமுறை பழுதுபார்க்க வந்த மஸ்கட் ஒன்றில் அந்தக் கட்டையை வெளியே எடுத்தேன். எண்ணெய் ஊறி, கரும்புளி நிறத்தில் இருந்தது. துடைத்துவிட்டு அதே இடத்தில் திரும்பச் செருகினேன்.