பதினைந்து வயதில் போட்ட கையெழுத்து

(தலைப்பு: ‘உலகின் உச்ச நீச்சல் வீரர்கள் வாழ்க்கையில் பெற்றதே பெரிதா? இழந்ததே பெரிதா?’ ‘இழந்ததே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தூணில் சாய்ந்து நின்றபடி கேட்கும் அன்பர்களே, வணக்கம்.

நான் கிணற்றில் நீச்சல் கற்றவன். இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டி மாமா மேலே இருந்து தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் குடுவையை அவிழ்த்துவிட்டுத் தள்ளினார். அத்தோடு பயிற்சி முடிந்தது. இந்தத் தகுதியை வைத்துக்கொண்டா ஒலிம்பிக் வீரர்களைப் பற்றிப் பேச வந்தாய் என்று நடுவர் கேட்கலாம். எதிரணியில் பேசிய இருவரைப் பார்த்தாலும் குளத்தில் கால் நனைத்தவர்களாகத் தெரியவில்லை ஐயா, அந்தத் தைரியம்தான்.

எதிரணித் தலைவர் எழுந்தார், அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் என்றார், 28 ஒலிம்பிக் பதக்கம், அதில் 23 தங்கம் என்றார், கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து வந்த அம்மையார் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங்கைச் சொன்னார், அமெரிக்காவின் கேட்டி லெடெக்கியைச் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பெற்றதைச் சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. எண்ணிக்கைதானே! இழந்ததைச் சொல்ல எனக்கு நேரம் போதாது, நடுவர் மணியில் கைவைக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விளையாட்டில் பெற்றதை எவ்வளவு நுட்பமாக அளப்பார்கள் தெரியுமா? 1972, மியூனிக் ஒலிம்பிக். நான்கு வகை நீச்சலும் கலந்த 400 மீட்டர் மெட்லி. ஸ்வீடனின் குன்னர் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் சுவரைத் தொட்டார்கள். நூறில் ஒரு பங்கு நொடி வரைக்கும் இருவருக்கும் ஒரே நேரம். விட்டார்களா? ஆயிரத்தில் ஒரு பங்கு வரை போய்ப் பார்த்தார்கள். ஒருவருக்கு 4:31.981, மற்றவருக்கு 4:31.983. நானூறு மீட்டர் நீந்திவிட்டு, தூரக் கணக்கில் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை. பிறகுதான் யோசித்தார்கள், குளத்துச் சுவரையே அவ்வளவு துல்லியமாகக் கட்ட முடியாதே என்று. விதியை மாற்றி, இனி நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வோம், சமமாக வந்தால் பதக்கத்தைப் பகிரலாம் என்றார்கள். மெக்கீயின் வெள்ளி மட்டும் வெள்ளியாகவே நின்றுவிட்டது. அந்த மனிதருக்கு மொத்தம் மூன்று ஒலிம்பிக் பதக்கம், மூன்றும் வெள்ளி. பெற்றதை இப்படி அளக்கத் தெரிந்த உலகம், இழந்ததை அளக்க ஒரு சுவர்க்கடிகாரமாவது வைத்திருக்கிறதா?

சரி, எதிரணியின் பெரிய துருப்புச் சீட்டுக்கே வருகிறேன். 2008 பெய்ஜிங், 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சல். குதித்ததும் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசி நீளத்தில் சுவர் கண்ணுக்கே தெரியவில்லை. கை வீச்சை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார், உலக சாதனை. எதிரணித் தலைவர் இதைச் சொன்னபோது அரங்கம் அதிர்ந்தது, நானும் தட்டினேன். தட்டிவிட்டு யோசித்தேன். கண் தெரியாமலே ஐம்பது மீட்டரைக் கை அறிகிறது என்றால், அந்தக் கையை என்ன பாடு படுத்தியிருக்க வேண்டும்?

ஏழு வயதில் தண்ணீரில் இறங்கிய பையன். பதினொன்றில் பாப் போமன் என்ற பயிற்சியாளரின் கைக்கு வந்தான். ஒரு போட்டிக்கு முன்னால் அந்தப் பயிற்சியாளர் பையனின் கண்ணாடியை வேண்டுமென்றே மிதித்தாராம், எதற்கும் பழகட்டும் என்று. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எடுக்கிறார்களா, நாம் அன்றும் நீந்துவோம், வருடத்துக்கு 52 நாள் கூடுதல் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கிறிஸ்துமஸ் கிடையாது, பிறந்தநாள் கிடையாது, ஐந்தாறு வருடம் ஒரு நாள் விடாமல். உச்சகட்டப் பயிற்சியில் வாரத்துக்கு 80 கிலோமீட்டர் வரைக்கும் நீந்தினார். ஆறு வாரத்தில் இங்கிருந்து சென்னைக்கே நீந்திப் போய்விடலாம். ஆனால் நெடுஞ்சாலையில் போனாலாவது வழியில் ஒரு டீக்கடை வரும், ஒரு புளியமரம் வரும். இவர்களுக்கு என்ன வரும்? குளத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் அந்தக் கோடுதான் உலகம். ஐம்பது மீட்டரில் முடியும், திரும்பினால் மறுபடி அதே கோடு. வாரத்துக்கு 1600 தடவை. பக்கத்தில் ஆள் இருந்தும் பேச்சு கிடையாது, காதில் தண்ணீர். வாலிபத்தை அந்தக் கோட்டைப் பார்த்தே கழித்தவர்கள் இவர்கள்.

அந்தக் கோடு முடிந்த பிறகு என்ன ஆனது? 2012 லண்டன் முடிந்து ஓய்வு அறிவித்தார் ஃபெல்ப்ஸ். அதற்குப் பின் ஒரு கட்டத்தில் மூன்று முதல் ஐந்து நாள் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை, சாப்பாடு இல்லை, சரியான தூக்கம் இல்லை, உயிரோடு இருக்கவே விருப்பம் இல்லை என்று அவரே பின்னாளில் மேடையில் சொன்னார். 2014ல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டார், சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். தன்னை ஒரு நீச்சல்காரனாக மட்டுமே பார்த்தேன், மனிதனாகப் பார்க்கவே இல்லை என்றார். 2016ல் ரியோவுக்குத் திரும்பி வந்து ஐந்து தங்கம் வாங்கினாரே என்று எதிரணி எழுந்திருக்கும், உட்காருங்கள் ஐயா. மீண்டு வந்தார், மகிழ்ச்சி. விழுந்தவர்தானே மீண்டு வர வேண்டும்? தள்ளிவிட்டது எது?

இவர் முதன்முதலில் ஒலிம்பிக்குக்குப் போனபோது வயது 15. இந்தப் பதினைந்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே, என் வழக்கே இதில்தான் இருக்கிறது. நம் வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்று முடிவெடுக்கத் தெரிகிறதா? அப்பாவின் நண்பர், சித்தப்பா, எதிர்வீட்டு மாமா எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். ஆனால் நீச்சலில் அந்த வயதுக்குள் ஆயுள் முழுவதற்கும் கையெழுத்து போட்டாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் இயன் தோர்ப். சின்ன வயதில் குளத்தில் கலக்கும் குளோரினே அவருக்கு ஒவ்வாமை. 14 வயதில் நாட்டின் அணியில், 15 வயதில் 400 மீட்டரில் உலக சாம்பியன். ஐந்து ஒலிம்பிக் தங்கம். எதிரணியின் கணக்குப்படி பார்த்தால் பெருஞ்செல்வர். 24 வயதில் ஓய்வு. நம் பிள்ளைகள் முதல் வேலைக்கு விண்ணப்பம் போடுகிற வயது! பதின்வயதிலிருந்தே மன அழுத்தத்தில் இருந்தேன், அதை மறக்கக் குடித்தேன் என்று 2012ல் தன்வரலாற்றில் எழுதினார். அதைவிட எனக்கு நெஞ்சை அறுத்தது வேறொன்று. அவருக்குப் பதினாறு வயது இருக்கும்போது, நீ ஓரினச்சேர்க்கையாளனா என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டிருக்கிறார். தான் யார் என்று அந்தப் பையனுக்கே தெரியாத வயது. இல்லை என்று சொல்லிவிட்டான். சொன்ன அந்த ஒரு சொல்லுக்குக் காவல் இருந்தே வாழ்ந்தான். ஆமாம் என்று வெளிப்படையாகச் சொல்லும்போது வருடம் 2014, வயது 31. இந்தப் பதினைந்து வருடத்துக்கு எத்தனை தங்கம் ஈடு? எதிரணி விலை சொல்லட்டும்.

இன்னொரு பதினைந்து. அதே நாட்டின் லீசல் ஜோன்ஸ், 2000 சிட்னியில் இரண்டு வெள்ளி. நான்கு ஒலிம்பிக், ஒன்பது பதக்கம். நான்காவது ஒலிம்பிக்குக்காக 2012ல் லண்டனில் இறங்கியபோது சொந்த நாட்டு நாளிதழ் ஒன்று என்ன செய்தது? அவர் நீச்சல் உடையில் இருந்த படங்களைப் போட்டு, உடல் தகுதியாக இருக்கிறாரா என்று வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. அதுவரை எட்டுப் பதக்கம் வாங்கிக் கொடுத்திருந்த பெண்ணின் இடுப்பை ஊரே அளந்தது. அதற்கு முந்தைய வருடம்தான், ஸ்பெயினில் ஒரு பயிற்சி முகாமில், வாழ்க்கையை முடித்துக்கொள்ளலாம் என்ற எல்லை வரைக்கும் போய்த் திரும்பியிருந்தார் அவர். படம் போட்டவர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் போடாமல் இருந்திருப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

மனதை விடுங்கள், உடம்புக்கு வாருங்கள். ஐம்பது மீட்டருக்கு முப்பது வீச்சு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வாரத்தில் ஒவ்வொரு தோளும் 24,000 தடவை சுழல வேண்டும். வீட்டு மிக்சி இந்த வேலை பார்த்தால் எத்தனை மாதம் தாங்கும்? மிஸ்ஸி ஃபிராங்க்ளின் என்ற அமெரிக்கப் பெண் 17 வயதில் லண்டனில் நான்கு தங்கம் வாங்கினார். தீராத தோள்வலியோடு 2018ல் விடைபெற்றார், வயது 23. சிமோன் மானுவலைச் சொல்கிறேன். 2016ல் தங்கம் வென்றவர். 2021ல் அடுத்த ஒலிம்பிக் நெருங்கும் நேரத்தில், குளத்துக்குப் போகிற படிக்கட்டில் ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. உலகின் மிக வேகமான பெண்களில் ஒருவருக்குப் படி ஏற முடியவில்லை! அளவு மீறிய பயிற்சியால் உடல் கெட்டுவிட்டது, உடனே நிறுத்து என்றார்கள் மருத்துவர்கள். தகுதிப் போட்டியில், தான் தங்கம் வென்ற அதே 100 மீட்டரில், இறுதிச் சுற்றுக்குக்கூட வர முடியவில்லை.

அம்மையார் ஸ்கூலிங் கதையைச் சொல்லிக் கண்கலங்கினார். 2008ல் சிங்கப்பூருக்கு வந்த ஃபெல்ப்ஸோடு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பொடியன் நின்று படம் எடுத்துக்கொள்கிறான். எட்டு வருடம் கழித்து ரியோவில் 100 மீட்டர் பட்டாம்பூச்சியில் அதே ஃபெல்ப்ஸைத் தோற்கடித்து, சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்குகிறான். அழகான கதை. அம்மையார் அதோடு நிறுத்திக்கொண்டார், நான் மிச்சத்தைச் சொல்கிறேன். பதினான்கு வயதில் பையனை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அம்மாவும் அப்பாவும் மாறி மாறிக் கடல் கடந்து போய்ப் பார்த்துக்கொண்டார்கள். 21 வயதில் தங்கம். அடுத்த ஒலிம்பிக்கில் அதே போட்டியில், முதல் சுற்றிலேயே தன் பிரிவில் கடைசி. அந்த வருடமே அப்பா இறந்தார். அடுத்த வருடம் கஞ்சா புகைத்ததை ஒப்புக்கொண்டு நாட்டின் முன் மன்னிப்புக் கேட்டார். 2024ல் 28 வயதில் விலகினார். அந்தப் பையனைக் குறை சொல்ல நான் வரவில்லை. 21 வயதில் வாழ்க்கையின் சிகரத்தைக் காட்டிவிட்டு, மிச்சம் ஐம்பது வருடத்துக்கு இறங்கு என்று சொன்னால் யாராக இருந்தாலும் கால் தடுமாறும்.

லெடெக்கியை நான் தொட மாட்டேன். அவரும் 15 வயதில்தான் முதல் தங்கம் வாங்கினார், இன்னும் சிரித்துக்கொண்டே நீந்துகிறார். ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஒரு வரம் உண்டு, அதை எதிரணிக்கே எழுதிக்கொடுத்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலில் மொத்தம் 13 போட்டி, 11 தங்கம் அவர்களுக்கு. எப்படி? பயிற்சி முகாமில் சிறுமிகளுக்கு நீல நிறத்தில் மாத்திரை கொடுத்தார்கள். சத்து மாத்திரை என்றார்கள். அது ஆண்மைச் சுரப்பி மருந்து. அரசாங்கமே ரகசியத் திட்டம் போட்டு நடத்தியது. குரல் உடைந்தது, தோள் புடைத்தது. ரிக்கா ரைனிஷ் 1980ல் மாஸ்கோவில் மூன்று தங்கம் வாங்கினார். வயது? ஆமாம், அதே 15. சினைப்பையில் கட்டிகள் வந்து, சில ஆண்டுக்குள்ளேயே தண்ணீரை விட்டு வெளியேறினார். அதைத் திட்டமிட்ட பெரிய மனிதர்களைப் பெர்லின் நீதிமன்றம் 2000ல் குற்றவாளிகள் என்றது.

அது குற்றமய்யா, நீச்சல் கணக்கில் ஏன் சேர்க்கிறாய் என்று எதிரணித் தலைவர் தலையை ஆட்டுகிறார். ஏன் சேர்க்கிறேன் என்றால், மாத்திரை இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் நடந்தது ஒன்றுதான். ஒரு குழந்தையின் உடம்பை என்ன செய்யலாம் என்று பெரியவர்கள் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். ஓரிடத்தில் டப்பாவில் வந்தது, இன்னோரிடத்தில் கால அட்டவணையில் வந்தது.

அதே மாஸ்கோவில் 400 மீட்டர் மெட்லியில் தங்கம் வாங்கியவர் பெட்ரா ஷ்னைடர். இரண்டு வருடம் கழித்து அவர் படைத்த உலக சாதனையைப் பதினைந்து வருடம் எவராலும் தொட முடியவில்லை. உடல்நலம் கெட்டு, நடந்தது என்ன என்பது தெரிந்த பிறகு, தன் பெயரில் இருந்த ஜெர்மன் சாதனையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டவர் யார் தெரியுமா? எதிராளி இல்லை, நீதிமன்றம் இல்லை, அவரேதான்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அந்தப் பெண்மணி எந்தக் கணக்கைப் பார்த்து அப்படிக் கேட்டார் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் 23 தங்கத்துக்கு வரட்டும். நடுவர் மணி அடித்துவிட்டார். நன்றி, வணக்கம்.