வயலில் தவளை குறைந்துவிட்டது, வெளியிலிருந்து பிடித்து விடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மன்னார்குடி பக்கத்துலேருந்து. "வயல்ல தவளைச் சத்தமே கொறஞ்சு போச்சு. வேற ஊர்லேருந்து பிடிச்சு வந்து விடலாமா? ஊரா சேர்ந்து என்ன பண்ணலாம்?"

பிடிச்சு வந்து விடாதீங்க. தோல்ல பூஞ்சை நோய் இருந்தா அதுவும் கூடவே வந்துடும். இருந்தது எதனால போச்சோ, வந்ததும் அதனாலயே போகும். அழியுற பட்டியல்ல உள்ள நம்ம பக்கத்துத் தவளைங்க பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்கு. டெல்டாவுல முதல் மழைக்கு மஞ்சளா மாறிக் கத்துற பெரிய தவளை அதுல இல்லை. முன்னாடி தவளைக் காலைக் கறிக்காக வெட்டி ஏற்றுமதி பண்ணாங்க, 1987ல தடை வந்துடுச்சு. இப்ப தொந்தரவு தண்ணியும் மருந்தும்தான்.

தலைப்பிரட்டை தவளையாக நாலஞ்சு வாரம் ஆகும். நடுவுல காய்ச்சலும் பாய்ச்சலுமா, அதாவது காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணி பாய்ச்சற முறைல, வயலைக் காயவிட்டா மொத்தமும் செத்துடும். காயப்போடாதீங்கன்னு சொல்லலை, தண்ணி மிச்சமாகுதே. தாழ்வான மூலைல ஆறடி நீளம், நாலடி அகலம், ரெண்டடி ஆழத்துல ஒரு குழி வெட்டி வயலோட சேர்த்து விடுங்க. தண்ணி வடியறப்ப தலைப்பிரட்டை அதுல போய்ச் சேரும். ஒரு பக்கமாவது நல்ல சரிவா இருக்கணும். முன்னங்கால் வந்து, வால் இன்னும் போகாத குஞ்சு காத்தைத்தான் சுவாசிக்கும். ஏறி உட்கார இடமில்லைன்னா மூழ்கியே செத்துடும். சிமெண்ட் வாய்க்கால், பம்புசெட் தொட்டிலயும் இதே கதைதான், ஒரு மூங்கில் தட்டியைச் சாய்ச்சுப் போடுங்க.

குழியில மீன் வேண்டாம். கொசுவுக்குன்னு விடற கம்பூசியா, தலைப்பிரட்டையைக் கடிச்சே காலி பண்ணிடும். வாய்க்கால்லேருந்து விரால், கெளுத்தி ஏறாம மடைல வலை கட்டுங்க. களைக்கொல்லி போடறதுக்கு முன்னாடி குழி வாயை மண்ணால அடைச்சு, அந்தத் தண்ணி போய்ப் புதுத் தண்ணி பாஞ்சப்புறம் திறங்க. வரப்புக்குக் கிளைபோசேட் அடிக்காம அரிவாளால அறுங்க. அந்த மருந்துல இலைல ஒட்டறதுக்குச் சேர்க்கற பொருள் இருக்கே, பல தயாரிப்புல அதுதான் தலைப்பிரட்டைக்கு ரொம்ப மோசம்.

தவளை வந்தா பாம்பும் வரும்னு ஊர்ல சொல்லுவாங்க. உண்மைதான். குழி வீட்டுக்கும் களத்துக்கும் தள்ளியே இருக்கட்டும்.

ஊரா சேர்ந்து செய்ய வேண்டியது கணக்கு. மழை பெஞ்ச ராத்திரி எட்டு மணிக்கு, எப்பவும் ஒரே இடத்துல, அஞ்சு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்க. சத்தமே இல்லைன்னா 0, தனித்தனியா எண்ண முடிஞ்சா 1, ஒண்ணோட ஒண்ணு கலந்தா 2, இடைவெளியே இல்லாமக் கத்தினா 3. போன்ல பதிவும் பண்ணிக்குங்க. டார்ச்சும் பூட்ஸும் இல்லாம வரப்புல இறங்காதீங்க. ஒரு வருஷக் கணக்கை வெச்சு முடிவு கட்டவும் வேண்டாம், மழை பெய்யற விதத்துலயே எண்ணிக்கை ஏறும், எறங்கும்.