மெழுகுவர்த்திக் கட்டைக்கு 850 ரூபாய்

வணக்கம். இன்றைக்கும் என் தலைக்கு மேலே பாதிப் படம் வெறும் சுவராகத்தான் தெரியும். போன வீடியோவுக்கு எல்லோரும் திட்டி எழுதினீர்கள். கேமராவைத் தாங்கும் முக்காலியும் மாறவில்லை, நானும் மாறவில்லை.

இதைப் பாருங்கள். ஒரு சாண் நீள மரக்குழல். ஒரு முனை நாதஸ்வர அணசு போல விரிந்திருக்கிறது, மறுமுனை தட்டையான வட்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றில், பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. “மெழுகுவர்த்திக் கட்டை ஆச்சி, பர்மாத் தேக்கு” என்றார் கடைக்காரர். அந்தத் தெருவில் கிடக்கும் மரமெல்லாம் பர்மாத் தேக்குதான். நான் வாயைத் திறக்கவில்லை. கருவில் இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் குழல் அது என்று சொன்னால் விலை ஏறிவிடும் அல்லவா?

1,500 என்றார். 500 என்றேன். 1,200 என்றார். துளைக்குள் உறைந்துகிடந்த மெழுகைக் காட்டி, இதைச் சுரண்டவே எனக்கு ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். மூன்று கடை தாண்டியதும் “ஆயிரம்!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பியே பார்க்கவில்லை. கடைசியில் 850. 750-க்கே முடிந்திருக்க வேண்டியது, ஆனால்... ஐயோ, குடையைச் சொல்ல மறந்துவிட்டேனே. குடையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுக்கப் போனதும் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த நூறு ரூபாய் இன்னமும் நெஞ்சில் உறுத்துகிறது.

எதற்கு வாங்கினேன் என்று கேட்பீர்கள். மதுரை மருத்துவக் கல்லூரியில் 1978-இல் சேர்ந்த நாங்கள் ஆண்டுக்கொரு முறை கூடுகிறோம். பொன்னாடை கிடையாது, நினைவுப் பரிசும் கிடையாது. இரண்டும் எனக்கு ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். ஆளுக்கொரு விசித்திரப் பொருளைக் கொண்டுவந்து எங்களுக்குள்ளேயே ஏலம் விடுவோம். சேரும் பணத்தில் கண்டாங்கி நெய்பவர்களுக்கும் ஓலைக் கொட்டான் முடையும் ஆச்சிகளுக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இழை மங்கலாகத் தெரியும். நல்ல கைவேலை கண்ணால் நின்றுபோகக் கூடாது.

இந்த முறை கானாடுகாத்தானில், நண்பர் ஒருவரின் வீட்டு வளவில் கூடினோம். காது மூக்கு தொண்டை நண்பர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்திருந்தார். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் மூக்கிலிருந்து எடுத்தவை: புளியங்கொட்டை, ரப்பர் துண்டு, சட்டைப் பொத்தான், ஊறிப் பருத்த கொண்டைக்கடலை. பிலடெல்பியாவின் மட்டர் அருங்காட்சியகத்தில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் தொண்டைகளிலிருந்து எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றனவாம், தனக்கு மட்டும் ஏன் மரியாதை இல்லை என்று புலம்பினார். ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. கடைசியில் அவர் மனைவியே 2,000 கொடுத்தார், அந்தப் பாட்டில் இனி வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அடுத்து என் குழல். பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்ட லென்னெக் என்ற மருத்துவர், 1816-இல் காகிதத்தைச் சுருட்டி ஸ்டெதாஸ்கோப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டார். 1895-இல் பினார் என்ற பிரெஞ்சுக்காரர் வயிற்றில் வைத்துக் கேட்க இந்தக் குழலைச் செய்தார். விரிந்த முனை வயிற்றில், தட்டை முனை காதில். பிறகு கையை எடுத்துவிட வேண்டும். விரல் பட்டால் அந்தச் சத்தமே கேட்கும்; குழலை அழுத்திப் பிடிப்பது தலைதான். ஒரு கையால் தாயின் நாடியையும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அவள் துடிப்பையே குழந்தையின் துடிப்பு என்று எண்ணிவிடுவோம்.

மெழுகு போன கதையையும் சொல்லிவிடுகிறேன். வெந்நீரில் போட்டால் மரம் வெடித்துவிடும் என்று தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்துக் காட்டினேன். மெழுகு உருகியது. கருவியும் உருகியது.

சரி, சோதித்துப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பியின் மனைவிக்கு எட்டு மாதம். கேட்டதும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். பட்டாலை என்ற கூடத்தில் பாயை விரித்துப் படுத்தாள். நான் குனிந்தேன், பிறகு ஆறு பேர் குனிந்தார்கள், எழுவரும் ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏழாவது ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அப்போது அவளுடைய கணவன், “நான் ஒரு தடவை கேட்கட்டுமா டாக்டரம்மா?” என்றான். காதை வைத்த மறுநொடியே, “குதிரை ஓடுகிறது!” என்று கத்தினான். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொன்னேன். பதினைந்து விநாடிக்கு 36. அப்படியென்றால் நிமிடத்துக்கு 144; 110-க்கும் 160-க்கும் நடுவே, அருமையான துடிப்பு.

ஏலம் 5,000-க்குப் போனது, அதே காது மூக்கு தொண்டை நண்பருக்கு. எல்லாம் சேர்த்து 39,000. மொத்தமாக வாங்கினால் கண்ணாடி ஒன்று 150, ஆக 260 பேருக்கு. அவர் வந்து எடுத்துக்கொள்ளும் வரை குழல் என்னிடம்தான் இருக்கும்.

என்னையும் மற்ற ஆறு பேரோடு சேர்த்து, காது போய்விட்டது என்று குழுவில் கேலி செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை என்று யார் சொன்னது? பட்டாலையில் மின்விசிறி அப்படிச் சத்தம் போட்டது.