தலைவலிக்கு யார் சாட்சி?

வணக்கம் நேயர்களே. 2020 ஜனவரி 8 அன்று ஈராக்கில் உள்ள ஐன் அல்-அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. அமெரிக்க வீரர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் கணக்கு ஏறிக்கொண்டே போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வெடி அதிர்ச்சியால் மூளைக் காயம் என்று கடைசியில் பென்டகனே சொன்னது. இதற்கு நடுவில், டாவோஸில் நிருபர்கள் கேட்டபோது அதிபர் டிரம்ப், அவர்களுக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டேன், அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்கிற மாதிரி பேசிவிட்டார். வி.எஃப்.டபிள்யூ. என்கிற பழைய படைவீரர் சங்கம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அந்த வீரர்களில் பலருக்குப் பின்னாளில், போரில் காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வந்தது.

"தலைவலிதானே" என்ற அந்தப் பேச்சு டாவோஸில் மட்டும் கேட்டதல்ல. பணிக்காலத்தில் வந்த நோய்க்கு மாத உதவித்தொகை கேட்டு அமெரிக்கப் படைவீரர் நலத்துறைக்கு, அதாவது வி.ஏ.வுக்குப் போகும் மேல்முறையீடுகளில் உதவுவது என் வேலை. ஒற்றைத் தலைவலிக்காக வருகிறவர்கள் எல்லாரும் அதை யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். முறிந்த எலும்புக்கு எக்ஸ்ரே சாட்சி சொல்லும். ஒற்றைத் தலைவலி எந்த ஸ்கேனிலும் தெரியாது. பரிசோதனைக்கு வருகிற நாளில் ஆள் பளிச்சென்று இருப்பார். வலி வந்த நாளில் அவரால் கார் ஓட்டி வரவே முடியாதே!

வி.ஏ. இதை எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். விதி எண் 8100. வலி எவ்வளவு கடுமை என்று அந்த விதி கேட்பதில்லை. ஆளைப் படுக்கையில் தள்ளுகிற மாதிரி எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்றுதான் கேட்கிறது. கடந்த பல மாதங்களில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றால் 10 சதவீத ஊனம் என்று மதிப்பிடுவார்கள்; பணம் அதை வைத்துத்தான். மாதம் ஒரு முறை என்றால் 30. மிக அடிக்கடி வந்து, முழுசாக முடக்கி, நெடுநேரம் நீடித்து, பிழைப்பையே கடுமையாகப் பாதித்தால் 50. அதற்கு மேல் இந்த விதியில் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒன்றைவிடக் குறைவு என்றால் பூஜ்யம்; பணிக்காலத்தில் வந்த நோய்தான் என்று ஒப்புக்கொள்வார்கள், பணம் வராது. 2025 கணக்குப்படி தனியாளுக்கு 10 சதவீதம் என்பது மாதம் சுமார் 175 டாலர், 50 என்றால் சுமார் 1,100 டாலர். ஒரு குடும்பத்துக்கு வீட்டு வாடகை கட்டுவதா வேண்டாமா என்கிற வித்தியாசம் இது.

ஒருவருடைய கோப்பில் பக்கத்துக்குப் பக்கம் "அடிக்கடி தாங்க முடியாத தலைவலி" என்று மட்டும் இருந்தது. மறுத்துவிட்டார்கள். அவர் மனைவி சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது: "மதியம் 2 மணி. கண் ஓரத்தில் மின்னுது என்றார். ஜன்னலில் போர்வை மாட்டினேன். இரண்டு தடவை வாந்தி. புதன் காலை 7 மணிக்குத்தான் எழுந்தார். வேலைக்குப் போகலை." விதி கேட்கிறது எல்லாம் அதில் இருக்கிறது. எப்போது வந்தது, எவ்வளவு நேரம், படுத்தாரா, எதை இழந்தார். நீங்களும் இப்படியே எழுதுங்கள். "ரொம்ப வலி" என்று நூறு முறை எழுதினாலும் ஒன்றும் நகராது.

வீட்டுக்காரர்கள் எழுதினால் செல்லுமா என்று கேட்பார்கள். செல்லும். கண்ணால் பார்த்ததைச் சொல்ல டாக்டர் பட்டம் தேவையில்லை. 21-10210 என்ற படிவமே அதற்காகத்தான் இருக்கிறது. பழைய மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் சொல்வதை நம்பாமல் தள்ளக்கூடாது என்று 2006-இல் புக்கானன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணிக்காலத்தில் வலியைச் சொன்னால் கோழை என்பார்கள் என்று மறைத்தவர்கள்தானே பெரும்பாலும்? பதிவு எங்கிருந்து வரும்?

இன்னொரு சங்கடம், "வேலைக்குப் போகிறாரே, அப்புறம் எப்படி 50 சதவீதம்?" என்ற கேள்வி. 2004-இல் பியர்ஸ் வழக்கில் இதற்கு வழி பிறந்தது. வேலையே செய்ய முடியாத நிலை வேண்டும் என்று விதி கேட்கவில்லை. பிழைப்பைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய தாக்குதல் என்றாலே போதும். ஆகவே விடுப்புக் கணக்கு, சம்பளம் பிடித்த சீட்டு, மேலாளரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

பரிசோதனை நாளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், "நல்லா இருக்கேன் சார்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார்கள். படையில் ஊறிய பழக்கம். அந்த ஒரு வரி அறிக்கையில் ஏறிவிடுகிறது, பிறகு நாங்கள் மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டுகிறோம். தயவுசெய்து மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லுங்கள். காலண்டரைக் கையோடு கொண்டுபோங்கள்.

சரி, மறுத்துவிட்டால்? 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள் இருக்கின்றன. புதுச் சான்றோடு துணை விண்ணப்பம் போடலாம். இருக்கிற கோப்பையே மூத்த அதிகாரி ஒருவரை மறுபடி பார்க்கச் சொல்லலாம். அங்கே புதுச் சான்று ஏற்கமாட்டார்கள். இல்லையென்றால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். தலைவலி விஷயத்தில் பெரும்பாலும் குறை சான்றில்தான் இருக்கும் என்பதால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். எந்த வழியானாலும் முடிவு வந்த ஓராண்டுக்குள் போய்விடுங்கள். அப்போதுதான் முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து பாக்கிப் பணம் கேட்கலாம். வாரியமும் மறுத்தால், நீதிமன்றம் போக 120 நாள்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் அமெரிக்கப் படையில் இருக்கிறார்கள், அதனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் விண்ணப்பத்துக்கு உதவ யாரும் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. 50 சதவீதம் வாங்கித் தருகிறேன், வருகிறதில் பங்கு கொடு என்கிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன் என்ற மூன்று படைவீரர் சங்கங்களிலும் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்து தருகிறார்கள். போகும்போது மறுப்புக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துப் போங்கள். எந்தச் சான்று போதவில்லை என்பது பெரும்பாலும் உள்பக்கங்களில்தான் இருக்கும்.