தண்ணீரை எப்போது விடுவார்கள்?

(ஃபுளோரிடாவின் ஒக்காலா வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் கூடிய பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, கார் நிறுத்த இடம் கிடைக்காமல் இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, மூன்றாவது ஆண்டாக வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்துதவும் மருத்துவர் ஐயா அவர்களே, விடியுமுன் எழுந்து நம் எல்லாருக்கும் பொங்கல் கிண்டிய தாய்மார்களே, "பதினைந்து நிமிடம்தான், மணி அடித்துவிடுவேன்" என்று மிரட்டி என்னை மேடையேற்றிய செயலாளர் தம்பி அவர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் என் வயதை எண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொருளாளரை விட்டுவிட்டேன். பொருளாளர் அவர்களே, வணக்கம்.

சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்ல எண்ணம்: ஊற்றின் பழங்கதை, அது மாநிலப் பூங்காவான விதம், அதன் பிறகு அந்தச் சாலையோரக் கடைகண்ணிகள் பட்ட பாடு. அதற்கு முன் என் பாட்டியின் பழமொழி ஒன்று: தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே. பின்வரிசையில் சிலர் "தொடங்கிவிட்டார்" என்று சிரிக்கிறார்கள். சிரியுங்கள், பொங்கல் நாள்.

நம் வீடுகளிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது அந்த ஊற்று. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைநீர் பூமிக்கு அடியிலிருந்து பொங்கி எழுந்து, ஓர் ஆறாகவே ஓடுகிறது. கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ்தான். 1870களின் கடைசியில் ஒருவர், தெளிந்த அந்த நீரின் அடித்தரையைக் காண, படகின் அடியில் கண்ணாடியைப் பதித்தார். அன்றிலிருந்து கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் படகில் என் அம்மாவை ஏற்றிய கதையைச் சொல்ல வேண்டும். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து அவர் வந்திருந்தார். அதற்கு முந்தைய வாரம் ஆர்லாண்டோ பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துப்போய் வெயிலில் வரிசையில் நிற்க வைத்ததற்காக என்மேல் கோபம். படகுத் துறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "ஏனம்மா?" என்றேன். "காலுக்கு நேர் கீழே தண்ணீர் இருக்கிறது என்றாயே, செருப்புக் காலோடு அதன்மேல் நிற்பதா?" என்றார். படகோட்டி ஒன்றும் புரியாமல் தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். படகின் நடுவில் நீளக் கண்ணாடி. இரு பக்கமும் பெஞ்சு. அம்மா குனிந்து பார்த்தார். வெள்ளை மணல், ஒரு பழைய மரத்துண்டு, நாணயங்கள் சில. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. தண்ணீரை எப்போது விடுவார்கள்?" என்று கேட்டார்!

மொழிபெயர்த்துச் சொன்னேன். படகோட்டி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஓர் ஆமை கண்ணாடிக்குக் கீழே நீந்திப் போயிற்று. அம்மா வாயில் கைவைத்தவர்தான். கால் மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு கரையில் ஒரு குரங்கைக் கண்டதும் பேச்சு வந்துவிட்டது. "ஒரு நாள் முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்தது இதைப் பார்க்கவா? நம் கோயில் வாசலில் இல்லாததா?"

இங்கே ஒரு திருத்தம். அது நம் கோயில் குரங்கு இல்லை, வடநாட்டில் காணும் ரீசஸ் இனம். சினிமாப் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்து தப்பியவை என்று பலரும் சொல்வார்கள், நம்பாதீர்கள். 1930களில் கர்னல் டூயி என்றொரு படகு வியாபாரி இருந்தார். கர்னல் என்பது பட்டாளப் பதவி இல்லை, அவர் பெயரே அதுதான். சுற்றுலாப் பயணிகளைக் கவர ஆற்று நடுவே ஒரு தீவில் குரங்குகளை விட்டார். குரங்குக்கு நீச்சல் தெரியாது என்பது அவர் கணக்கு. அவை நன்றாகவே நீந்தின. இன்றும் காட்டில் இருக்கின்றன.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. அந்நாளில் கறுப்பினப் படகோட்டிகள் அந்தக் கண்ணாடிப் படகுகளை ஓட்டலாம். ஆனால் தங்கள் குடும்பத்தை அழைத்துவந்து அங்கே குளிக்க முடியாது. அவர்களுக்கென்று ஆற்றில் சற்றுக் கீழே 1949இல் பாரடைஸ் பார்க் என்று தனி இடம் திறந்தார்கள். அது 1969 வரை நடந்தது. ஓடியது ஒரே தண்ணீர். தனிக் குளமும் தனிக் கிணறும் பார்த்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் செய்தி. 1993இல் மாநில அரசு அந்த நிலத்தை வாங்கியது. ஆனால் பொழுதுபோக்குப் பூங்காவைத் தனியார் நிறுவனங்களே குத்தகைக்கு நடத்தின. ஒட்டகச்சிவிங்கி, கரடி என்று கூண்டுகள் நிறைந்தன. கடைசியில் குத்தகைக் காலம் முடியுமுன்பே நிறுவனம் விலகிக்கொள்ள, 2013 அக்டோபர் 1 அன்று பக்கத்திலிருந்த சில்வர் ரிவர் பூங்காவோடு சேர்த்து மாநிலப் பூங்காவாக்கினார்கள். ஒட்டகச்சிவிங்கி போய்விட்டது, படகு தங்கிவிட்டது. நல்ல முடிவு. பெயர்ப் பலகையை மாற்றினால் தண்ணீர் தேறிவிடுமா?

படகு திரும்பும்போது அம்மா இன்னொன்றும் கேட்டார்: "அந்தப் பாறையெல்லாம் ஏன் இப்படிப் பாசி பிடித்திருக்கிறது? யாரும் தேய்ப்பதில்லையா?" பூங்காவின் வேலி தரைக்கு மேலே மட்டும்தான் இருக்கிறது, தாயே. ஊற்றுக்கு வரும் தண்ணீர் நம் வீட்டு வாசலிலிருந்து போகிறது. இந்த மணல் பூமியில் இன்று வீட்டுப் புல்வெளிக்கு நீங்கள் தூவும் உரம் மழையோடு நேரே பாறைக்குள் இறங்கிவிடும். உரத்திலிருந்து கரைந்து வரும் நைட்ரேட் ஊற்று நீரில் லிட்டருக்கு 0.35 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது மாநிலத்தின் வரம்பு. சில்வர் ஸ்பிரிங்ஸில் அது 1 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. பாசிக்கு விருந்து, நீர்ப்புல்லுக்குச் சாவு. குதிரைப் பண்ணைகளுக்கும் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அவற்றுக்காக வேறிடங்களில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் கேட்பது வீட்டுப் புல்வெளிக்குப் போடும் உரத்தைப் பற்றி மட்டும்தான். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்றால், வாயால் பழிப்பது மட்டுமா? மூட்டை மூட்டையாக உரம் வாங்கிக் கொட்டுவது வாழ்த்தா?

நான் என் வீட்டு வாசலில் செயின்ட் அகஸ்டின் என்ற புல்லைப் பெயர்த்துவிட்டுப் பஹியா என்ற புல்லை வளரவிட்டேன். உரம் கேட்பதில்லை, தண்ணீரும் அதிகம் கேட்பதில்லை. பார்க்கக் கொஞ்சம் பரட்டைத் தலைதான். குடியிருப்புச் சங்கத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றுக்கும் பதில் எழுதினேன். பழமொழியையும் மொழிபெயர்த்துச் சேர்த்தேன். நான்காவது கடிதம் வரவில்லை.

கடைகண்ணிகளைப் பற்றிச் சொல்ல வந்தேன்... செயலாளர் தம்பி மணியைக் கையில் எடுத்துவிட்டார். சரி. காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்து மேசையில் ஒரு தாள் இருக்கிறது. இந்த ஆண்டு புல்லுக்கு உரம் போடுவதில்லை என்பவர்கள் கையெழுத்துப் போடலாம். முதல் வரியைச் சிறப்பு விருந்தினருக்காக விட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது வரியில் அம்மா போன மாதமே தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டார், திருவாரூரில் அவருக்குப் புல்வெளி எதுவும் இல்லையென்றாலும்.