மூன்றாவது சாவி யாரிடம் இருந்தது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தவர்களே, பிடிக்காமல் விசிறிக்கொண்டிருப்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஐரோப்பாவில் யூத வெறுப்புக்கு ஆணிவேர் எது? தேவாலயப் பிரசங்கமா, அரசனின் கஜானாவா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பிரசங்கமே என்றார். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற பாதிரியார் பொழிந்த வசைகளில் ஆரம்பித்தார். 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டம் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களை வெட்டிச் சாய்த்ததில் கொண்டுவந்து நிறுத்தினார். இதில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. "இயேசுவைக் கொன்றவர்கள்" என்ற பழி மேடையில் பிறந்ததுதான். ஆனால் அந்தப் பேச்சு ஆயிரம் வருஷமாக ஊர் ஊராக ஒலித்தது. அடி மட்டும் ஏன் குறிப்பிட்ட ஊர்களில், குறிப்பிட்ட ஆண்டுகளில் விழுந்தது? அந்த ஆண்டுகளின் கணக்குப் பேரேட்டை எதிரணி புரட்டவே இல்லை. அதை நான் புரட்டுகிறேன்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்கிறேன். 1066க்குப் பிறகு நார்மன் மன்னர்களின் காலத்தில் யூதர்கள் அங்கே குடியேறினார்கள், 1290இல் துரத்தப்பட்டார்கள். தொடக்கமும் முடிவும் தெரிந்த வழக்கு. அதோடு, அந்த ஊர்க்காரர்கள் அரைக் காசுக்கும் கணக்கு எழுதி வைத்தவர்கள்.

அங்கே யூதர் பிரபுவும் இல்லை, பண்ணையாளும் இல்லை. அவரும் அவர் உடைமையும் மன்னனின் சொத்து. சட்டமே அப்படித்தான் பேசியது. நிலம் பிடிக்க வேண்டுமென்றால் கிறிஸ்தவ முறையில் சத்தியம் செய்ய வேண்டும். வணிகர், கைவினைஞர் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு புனிதர் பெயரில் நடந்தன; உள்ளே நுழைய முடியாது. கிறிஸ்தவர் வட்டி வாங்கக் கூடாது என்பது திருச்சபையின் தடை. "பார்த்தீர்களா, திருச்சபை!" என்று எதிரணி துள்ளுகிறது. பொறுங்கள். தடை போட்டது திருச்சபை. அந்தத் தடையில் காசு பார்த்தது யார் என்று அடுத்துச் சொல்கிறேன். எல்லா யூதரும் கடன் கொடுத்தவர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மருத்துவர், ஆசிரியர், வேலைக்காரர், ஒன்றுமில்லாத ஏழை எல்லோரும் இருந்தார்கள். பெரிய கடன் கொடுத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். பழி வந்தபோது மட்டும் எல்லோருக்கும் பங்கு கிடைத்தது.

இப்போது வட்டிக்கு வருவோம். அன்று வழக்கில் இருந்த ஒரு விகிதம், பவுண்டுக்கு வாரம் 2 பென்னி. பவுண்டு ஒன்றுக்கு 240 பென்னி, ஷில்லிங் ஒன்றுக்கு 12 பென்னி. பத்துப் பவுண்டு வாங்கிய, நிலம் வைத்திருந்த குதிரைவீரர் ('நைட்') வாரத்துக்கு 20 பென்னி, வருஷத்துக்கு 1040 பென்னி கட்ட வேண்டும். அதாவது 4 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்னி. நூற்றுக்கு நாற்பத்து மூன்றுக்கு மேல். கடும் வட்டிதான், நான் பூசி மெழுகவில்லை. ஆனால் மன்னனுக்குப் பணமுடை வந்ததும் யூதர் மேல் 'டாலேஜ்' என்று ஒரு வரி விழும். பிரபுக்களின் சம்மதம் வேண்டாம். தன் சொத்திலிருந்து தானே எடுத்துக்கொள்வதற்கு யாரைக் கேட்க வேண்டும்? 1210இல் ஜான் மன்னர் விதித்தது 66,000 மார்க் என்கின்றன அக்கால ஏடுகள். மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. 44,000 பவுண்டு!

வரி வந்தால் யூதர் என்ன செய்வார்? கொடுத்த கடனைக் கேட்டாக வேண்டும். அறுவடை முடியட்டும் என்று சொல்ல அவருக்கே அவகாசம் இல்லை. வீரரிடம் பணம் இல்லை, ஈடு வைத்த நிலம் போகிறது. அந்த நிலத்தையும் யூதர் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொள்ள முடியாது. பத்திரத்தைக் குறைந்த விலைக்கு விற்பார். வாங்கியது யார்? மடங்கள், பெரிய பிரபுக்கள், அரண்மனை. முதலாம் எட்வர்டின் ராணி எலினோர் இந்த வழியில் நிலம் நிலமாக வளைத்தார். கான்டர்பரி பேராயர் பெக்கம் கடிதம் எழுதிக் கண்டித்தார். பேராயர் கண்டிக்கிறார், அரண்மனை வாங்குகிறது. எதிரணி இதைக் குறித்துக்கொள்ளட்டும். நிலம் போனவர் கண்ணுக்கு ராணி தெரியவில்லை, பத்திரத்தில் இருந்த யூதப் பெயர்தான் தெரிந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

லிங்கன் நகரத்து ஆரோன் 1186இல் இறந்தார். அவருக்கு வர வேண்டிய கடன் சுமார் 15,000 பவுண்டு, கடன்காரர்கள் சுமார் 430 பேர். மொத்தத்தையும் மன்னன் எடுத்துக்கொண்டான். வசூலிக்க 'ஆரோன் கஜானா' என்று ஒரு தனி அலுவலகமே திறந்தார்கள். கடன் ஒழியவில்லை, வசூலிக்க வருபவர்தான் மாறினார்.

நான்கு வருஷம் கழித்து, 1190 மார்ச் 16, யார்க் நகரம். கோட்டையின் மரக் கோபுரத்தில் அடைக்கலம் புகுந்த யூதர்கள், சுமார் 150 பேர், மாண்டார்கள். பலர் கூட்டத்தின் கையில் சிக்காமல் தாங்களே உயிரை விட்டார்கள். கூட்டத்தைத் தூண்டியவர்களில் ஒரு துறவி இருந்தார், உண்மை. ஆனால் முன்னின்றவர்களில் ஒருவரான ரிச்சர்ட் மலபிஸ் ஆரோனிடம் கடன்பட்டவர். எல்லாம் முடிந்த பிறகு கூட்டம் எங்கே போயிற்று? நேராக யார்க் பேராலயத்துக்கு. ஜெபிக்கவா? யூதர்களின் கடன் பத்திரங்கள் அங்கேதான் பத்திரமாக இருந்தன. அவற்றை வாங்கி, ஆலயத்துக்குள்ளேயே குவித்துக் கொளுத்தினார்கள். பிரசங்கம் கேட்டு வந்த கோபம் பத்திரம் இருக்கும் இடத்தை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்குமா, நடுவரே?

பத்திரம் எரிந்தால் மன்னனுக்குத்தானே நஷ்டம்! 1194இல் ஒரு ஏற்பாடு வந்தது. குறிப்பிட்ட ஊர்களில் மட்டும் கடன் கொடுக்கலாம். பத்திரத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதி, நடுவில் வெட்ட வேண்டும். கடன்காரரின் முத்திரை வைத்த பாதி யூதர் கையில். மறு பாதி ஊர்ப் பொதுப் பெட்டியில். பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி இரண்டு யூதர்களிடம், ஒரு சாவி இரண்டு கிறிஸ்தவர்களிடம், மூன்றாவது மன்னனின் அலுவலர்களிடம். எழுத்துக் கூலி 3 பென்னி. பாதி யூதர், பாதி கடன்காரர். இனி ஊரே எரிந்தாலும் யாரிடம் எவ்வளவு பிடுங்கலாம் என்பது மன்னனுக்குத் தெரியும். நூற்றைம்பது உயிர் போனதற்கு அரசு கண்டுபிடித்த மருந்து, பத்திரத்துக்குப் பாதுகாப்பு!

மதம்தான் பகை என்றால் மதம் மாறியவரை மாலை போட்டு அழைக்க வேண்டாமா? 1232இல் மூன்றாம் ஹென்றி லண்டனில் மதம் மாறிய யூதர்களுக்கு ஒரு இல்லம் அமைத்தார். இல்லம் எதற்கு? ஞானஸ்நானம் பெற்றால் அவர் சொத்து மன்னனுக்குப் போய்விடும். நேற்றுவரை சொந்த வீட்டில் சமைத்தவர் இன்று தர்மச் சோற்றுக்கு வரிசையில் நிற்க வேண்டும். 1280இல்தான் எட்வர்ட் கொஞ்சம் தளர்த்தினார். கறவை மாடு ஒன்று குறைகிறதே என்ற கவலை பக்தியில் சேராது.

"இங்கிலாந்து ஒரு விதிவிலக்கு" என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். பிரான்சில் 1306இல் நான்காம் பிலிப் யூதர்களை விரட்டிவிட்டு, அவர்களுக்கு வர வேண்டிய கடனைத் தன் ஆட்களை வைத்து வசூலித்தார். 1315இல் அவர் மகன் பத்தாம் லூயி திரும்ப அழைத்தபோது போட்ட நிபந்தனை: பழைய கடனில் மூன்றில் இரண்டு பங்கு மன்னனுக்கு. ஸ்ட்ராஸ்பர்க்கில் 1349 பிப்ரவரி 14 அன்று யூதர்களை எரித்தார்கள். கிணற்றில் விஷம் போட்டுப் பிளேக்கைப் பரப்பியதாகப் பழி. பிளேக் அந்த ஊருக்கு இன்னும் வரவே இல்லை! யூதர்களும்தான் பிளேக்கில் சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளமெண்ட் முந்தைய ஆண்டே ஆணை எழுதியிருந்தார். யார் காதில் விழுந்தது? எரித்த கையோடு கடன்கள் ரத்தாயின, அடகுப் பொருள்கள் திரும்பக் கிடைத்தன, ரொக்கம் பங்கு போடப்பட்டது. அவர்கள் ஏழைகளாக இருந்திருந்தால் எரிந்திருக்க மாட்டார்கள் என்று அந்த நகரத்துப் பழைய வரலாற்றுக்காரரே எழுதினார்.

எங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, எதிரணிக்குச் சிரமம் வேண்டாம், நானே காட்டுகிறேன். கிறிஸ்தவர்களான இத்தாலிய லொம்பார்டு வணிகர்களும் தடையை மீறி வட்டிக்குக் கொடுத்தார்கள். மக்கள் அவர்களையும் வெறுத்தார்கள், விரட்டவும் செய்தார்கள். ஆனால் யூதர்மேல் கட்டியதுபோல, குழந்தையைக் கொன்றார்கள் என்று அவர்கள்மேல் யாரும் கதை கட்டவில்லை. அந்தக் கதை பிரசங்க மேடைக் காற்றில் வளர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அரசு முத்திரை விழுந்த நாளைப் பாருங்கள். 1144இல் நார்விச்சில் வில்லியம் என்ற சிறுவன் இறந்தபோது பழி யூதர்மேல் வந்தது. மன்னனின் மாவட்ட அதிகாரியான ஷெரிஃப் அவர்களைக் கோட்டைக்குள் வைத்துக் காப்பாற்றினார், யாரையும் தூக்கிலிடவில்லை. 1255இல் லிங்கனில் ஹ்யூ என்ற சிறுவன் கிணற்றில் பிணமாகக் கிடந்தபோது மூன்றாம் ஹென்றியே நேரில் வந்தார். 19 யூதர்கள் தூக்கில் தொங்கினார்கள். தூக்கிலிடப்பட்டவர் சொத்து மன்னனுக்குச் சேரும். அதே ஆண்டு தொடக்கத்தில்தான் ஹென்றி நாட்டின் மொத்த யூதர்களையும் தம்பி ரிச்சர்டிடம் 5,000 மார்க் கடனுக்கு ஈடு வைத்திருந்தார். மனிதர்களை, பாத்திரம் பண்டம் மாதிரி!

கறந்து கறந்து மடி வற்றியது. 1275 சட்டம் வட்டியைத் தடை செய்தது. வணிகம் செய், கைத்தொழில் செய் என்றது. சங்கத்தின் கதவு மூடியே இருந்தது. ஏழு வயதுக்கு மேல் மஞ்சள் துணி அடையாளம், பன்னிரண்டு வயதுக்கு மேல் தலைக்கு 3 பென்னி வரி. 1278இல் நாணயத்தின் ஓரத்தைச் சுரண்டினார்கள் என்று நூற்றுக்கணக்கில் கைது. இருநூறுக்கும் மேற்பட்டோர் தூக்கில் போனார்கள். அதே குற்றத்தில் சிக்கிய கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அபராதத்தோடு தப்பினார்கள்.

1290 கோடையில் எட்வர்டுக்குப் பெரிய வரி தேவைப்பட்டது. மாவட்டங்களிலிருந்து பாராளுமன்றத்துக்கு வந்த குதிரைவீரர்கள் அதற்குக் கேட்ட விலை யூதர்களை வெளியேற்றுவது. பேரம் படிந்தது. ஜூலை 18 ஆணை, நவம்பர் 1 கெடு. இரண்டாயிரம் மூவாயிரம் பேர் கப்பலேறினார்கள். வரியில் வசூலானது ஏறக்குறைய 1,16,000 பவுண்டு. பெட்டிகளில் எஞ்சிய பத்திரங்களுக்குப் பட்டியல் எழுதினார்கள். கடன் மன்னனுக்கு என்றானது; வட்டியைத் தள்ளிவிட்டு அசலைக் கட்டுங்கள் என்றார் எட்வர்ட்.

நடுவர் மணியைத் தொடுகிறார். மூன்று பூட்டுக்கும் இப்போது ஒரே கைதான் இருக்கிறது. அது எந்தக் கை என்பதைத் தீர்ப்பில் எழுதிக்கொள்ளுங்கள், நடுவரே. வணக்கம்.